குருனில் பொருத்திய பிரெஞ்சுக் கார்: பழையதாக வாங்குமுன் எதை எடை போடுவது?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து பழைய கூட்டரசுச் சாலையில் வடக்கே போனால், செம்பனை மரங்களுக்கு மேலே இடப்பக்கம் ஜெராய் மலை கூடவே வந்துகொண்டிருக்கும். சற்று நேரத்தில் குருன் வந்துவிடும். அங்குள்ள ஆலையில்தான் மலேசியாவின் நாசா குழுமம் 2006இல், பிரான்சின் பெஜோ 206 காரை 206 பெஸ்தாரி என்ற பெயரில் பொருத்தி விற்கத் தொடங்கியது. பிறகு 308, 408, 3008, 5008 எனப் பெஜோவின் கார்கள் அங்கிருந்தே நாடு முழுவதும் போயின. 2018இல் பெஜோவின் தாய் நிறுவனமான, பிரான்சின் பி.எஸ்.ஏ. அந்த ஆலையின் பெரும்பங்கை எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் செய்தது. அது ஃபியட் கிரைஸ்லருடன் இணைந்து ஸ்டெல்லாண்டிஸ் ஆனபின் ஆலை முழுவதும் அதன் கைக்குப் போயிற்று. ஆகவே, பிரெஞ்சுக் கார் என்பது எங்கள் வட்டாரத்துக்கு எங்கோ தொலைதூரத்துச் சங்கதியன்று. சுங்கைப்பட்டாணிப் பழைய கார் கடைகளில் அது எப்போதும் இரண்டு மூன்று நின்றுகொண்டுதான் இருக்கும், அதுவும் அதே வயதுள்ள ஜப்பானியக் காரைவிட வெகுவாகக் குறைந்த விலை ஒட்டப்பட்டு.

அந்த விலைதான் ஆளை இழுக்கிறது. என் தங்கை மகன் கூலிம் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, நாள்தோறும் நெடுஞ்சாலையில் போய்வர ஒரு கார் தேடியபோது, அப்படி ஒன்றைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். “மாமா, இந்தக் காசுக்கு நல்ல மைவிகூடக் கிடைக்காது. இது டர்போ, கண்ணாடிக் கூரை, ஆறு ஏர்பேக். வாங்கலாமா?” என்று கேட்டான். (மைவி என்பது உள்நாட்டுப் பெரோடுவா நிறுவனத்தின் சிறிய கார்.) அவனிடம் பேசியதையும், அவனுக்காக அலைந்ததில் தெரிந்துகொண்டதையும் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். தோட்டத்தை விட்டு வெளியே வந்து முதன்முதலாகக் கார் வாங்கும் குடும்பங்களில், ஒரு தவறான கொள்முதல் மூன்று நான்கு ஆண்டுச் சேமிப்பை விழுங்கிவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

“பிரெஞ்சுக் கார் நம்பகமானதா?” என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் இரண்டு விடைகள் உண்டு. அறுபதைக் கடந்தவர்கள் இரும்பு மாதிரி என்பார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது பெஜோ 504. 1968இல் பிரான்சில் வெளிவந்த அந்தக் கார், ஆப்பிரிக்காவின் மண்சாலைகளில் லாரியைப் போல் உழைத்துப் பெயரெடுத்தது. எங்கள் பக்கத்திலும் அதைச் செம்மண் சாலையில் தூசி பறக்க ஓட்டிப் போனவர்களைச் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். முப்பதுகளில் இருப்பவர்களோ, தொடவே தொடாதே என்பார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது 2008ஆம் ஆண்டுக்குப் பிறகு இங்கே விற்ற 1.6 லிட்டர் டர்போ. இரு சாராரும் பொய் சொல்லவில்லை. இருவரும் வெவ்வேறு எஞ்சினைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். நம்பகம் என்பது நாட்டுக்கோ சின்னத்துக்கோ உரியதன்று. குறிப்பிட்ட ஓர் எஞ்சினுக்கும், அதோடு இணைந்த கியர்பெட்டிக்கும், அந்த ஒரு வண்டியைப் பராமரித்தவருக்கும், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த பட்டறை உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதற்கும் உரியது. இந்த நான்கையும் தனித்தனியே எடை போடாமல் விலையை மட்டும் பார்ப்பவர்தான் ஏமாறுகிறார்.

முதலில் அந்த 1.6 டர்போவையே எடுத்துக்கொள்வோம், ஏனெனில் சந்தையில் அதிகம் கிடைப்பது அதுதான். பி.எஸ்.ஏ.வும் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ.வும் சேர்ந்து உருவாக்கிய இந்த எஞ்சின் குடும்பத்துக்குப் பிரின்ஸ் என்று பெயர். 1598 சி.சி. கொள்ளளவுள்ள இது 308, 408, 508, 3008 ஆகியவற்றில் மட்டுமல்லாமல் பி.எம்.டபிள்யூ.வின் மினி கூப்பர் எஸ் காரிலும் இருந்தது. உலக அளவில் ஆண்டுதோறும் சிறந்த எஞ்சினுக்கு வழங்கப்பட்டுவந்த விருதைத் தன் பிரிவில் 2007 முதல் 2014 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து வென்றதும் இதுவே. குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை, நெடுஞ்சாலையில் சிக்கனம், இந்நாட்டுச் சாலை வரியில் 1600 சி.சி.க்குள் அடங்குவதால் சாதாரண செடான் காருக்கு ஆண்டுக்கு 90 வெள்ளி (ரிங்கிட்) மட்டும் என்று அதன் நற்குணங்கள் உண்மையானவை. விருது கொடுப்பவர்கள் புதிய எஞ்சினின் திறனையே அளக்கிறார்கள். பத்தாண்டு கழித்து மூன்றாவது உரிமையாளர் கையில் அது எப்படி இருக்கும் என்பது அவர்கள் அளக்கும் பொருளன்று.

அதன் பெரிய பலவீனம், வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே நேரக்கணக்கில் இயங்க வைக்கும் டைமிங் சங்கிலி. சங்கிலி என்றால் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்பது பொதுவான எண்ணம். இந்த எஞ்சினில் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்கிறது. எண்ணெய் குறைந்தாலோ, பழசாகிக் கெட்டுப்போனாலோ பிடி தளர்கிறது; தளர்ந்த சங்கிலி பிளாஸ்டிக் வழிகாட்டித் தகடுகளை அடித்து அடித்துத் தேய்க்கிறது, நாளடைவில் சங்கிலியே நீள்கிறது. சங்கிலி ஒரு பல் தாண்டிவிட்டால் எஞ்சினின் நேரக்கணக்கு பிசகி எச்சரிக்கை விளக்கு எரியும். பல பற்கள் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். பின்னால் வந்த எஞ்சின்களில் இப்பாகங்கள் திருத்தப்பட்டன. ஆயினும் எண்ணெய் அளவைக் கவனிக்காத உரிமையாளரிடமிருந்து எந்தத் திருத்தமும் எஞ்சினைக் காப்பாற்றிவிடாது. மேலும் இந்த எஞ்சின் வால்வு சீல்கள் வழியாகவும், மேல்மூடி, எண்ணெய் வடிகட்டித் தாங்கி ஆகியவற்றின் கசிவுகள் வழியாகவும் எண்ணெயை இழக்கும் இயல்புடையது. ஆக, எண்ணெய் குறையும் எஞ்சினில், எண்ணெய் குறைந்தால் கெடும் சங்கிலி. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகப் புரியும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம்; இரவு முழுவதும் நின்று குளிர்ந்த எஞ்சினை முதன்முறை இயக்கும்போது பக்கத்தில் நின்றால் போதும். மருமகன் காட்டிய வண்டியைப் பார்க்க நாங்கள் முதல் நாள் மாலை போனபோது, பானெட்டில் கை வைத்தேன், சூடாக இருந்தது. கழுவிவிட்டுச் சும்மா ஒரு சுற்று ஓட்டி வந்தேன் என்றார் விற்பவர். எஞ்சின் பூனை போல் அமைதியாக ஓடியது. மறுநாள் காலை ஏழு மணிக்கு, எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான மெக்கானிக் தம்பியையும் அழைத்துக்கொண்டு, நாங்கள் வரும்வரை இயக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனோம். பானெட் பனி ஈரத்தோடு இருந்தது. சாவியைத் திருப்பியவுடன், பால் வாளியில் ரப்பர் கொட்டைகளைப் போட்டு உலுக்கினாற்போல் ஒரு சத்தம். ஆறேழு விநாடி நீடித்து, எண்ணெய் மேலே ஏறியதும் அடங்கிவிட்டது. தம்பி ஒன்றும் பேசாமல் எஞ்சினை நிறுத்தி, எண்ணெய் வடியச் சிறிது நேரம் விட்டு, அளவுக்கோலை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தான். கோலின் நுனியில் கறுப்பாக ஒரு சொட்டு, கீழ்க்குறியைக்கூடத் தொடவில்லை. “அண்ணே, இது செயின் சத்தம். எண்ணெயே இல்லாம எத்தனை மாசம் ஓடுச்சோ தெரியல” என்றான். முதல் நாள் மாலையிலேயே முன்பணம் கொடுத்திருந்தால் அந்த ஆறேழு விநாடி எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

குளிர்ந்த நிலையில் இயக்குவதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. இது பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின். பழைய முறையில் பெட்ரோல் உள்வாங்கு வால்வுகளின் மேல் பட்டு அவற்றைக் கழுவிக்கொண்டே போகும். இதில் அந்தக் கழுவல் இல்லாததால் வால்வுகளின் முதுகில் கரி படிகிறது. நின்ற நிலையில் எஞ்சின் நடுங்குவதும், முடுக்கும்போது தயங்குவதும் அதன் அடையாளங்கள். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தோடு பீய்ச்சிக் கரியைச் சுரண்டி எடுக்கலாம். செலவு உண்டு, ஆனால் தீர்க்கக்கூடிய குறை. உயரழுத்தப் பெட்ரோல் பம்பு நலிந்திருந்தால் எஞ்சின் பிடிக்க வழக்கத்தைவிட நேரமெடுக்கும், அல்லது மேட்டில் திடீரென்று வலு குறைந்து எச்சரிக்கை தோன்றும்; இது முந்தையதைவிடச் செலவு மிக்கது. எஞ்சின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைச் சூழ்ந்த பிளாஸ்டிக் கூடும் தண்ணீர் பம்பும் கசிவதும் எல்லோரும் அறிந்த குறைதான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது குளிர்நீர்த் தொட்டியின் அளவைப் பார்த்து, குழாய் இணைப்புகளில் உலர்ந்த வெண்கறை இருக்கிறதா என்று விளக்கடித்துத் தேட வேண்டும். நம் நாட்டில் பகலில் வெப்பம் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று பாகை. பானெட்டுக்குள் அதைவிடப் பல மடங்கு. ஐரோப்பாவில் பல ஆண்டு தாங்கும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் இங்கே அதற்கு முன்பே பொடிந்துவிடுகின்றன. ஆகவே பத்து வயதான காரில் அவை ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் அது நல்ல செய்தி. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கின்றன என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அவற்றை மாற்றும் செலவு வாங்குபவருக்குக் காத்திருக்கிறது என்று பொருள்.

கியர்பெட்டியில் இரண்டு வகைகளைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பழைய நான்கு வேகத் தானியங்கிக்கு ஏ.எல்.4 என்று பெயர், பி.எஸ்.ஏ.வும் இன்னொரு பிரெஞ்சு நிறுவனமான ரெனோவும் தொண்ணூறுகளின் இறுதியில் சேர்ந்து செய்தது. 408இன் 2.0 லிட்டர் மாடலில் இருப்பது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இதில் எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்வால்வுகள் தேய்ந்துவிடும். கியர் மாறும்போது முதுகில் தள்ளியது போன்ற உதறல், அடுத்து டாஷ்போர்டில் பனிச்சாலை முறைக்கான பனிச்செதில் சின்னமும் விளையாட்டு முறைக்கான எழுத்தும் மாறி மாறி மின்னுவது, பிறகு மூன்றாம் கியரிலேயே பூட்டிக்கொள்வது என்று நோய் படிப்படியாக முற்றும். பல பட்டறைகளில் இதைக் கண்டதும் பெட்டியையே மாற்றச் சொல்வார்கள். ஆனால் தொடக்க நிலையில் மின்வால்வுகளையும் எண்ணெயையும் மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும் என்பதைத் தெரிந்தவர் பேரத்தில் பதற மாட்டார். டர்போவோடு வரும் ஆறு வேகப் பெட்டி ஜப்பானின் ஐசின் நிறுவனத்துடையது, பொதுவாக உறுதியானது. இதற்கு எண்ணெய் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்லப்பட்டதை அப்படியே நம்பியவர்கள்தான் பிற்காலத்தில் உதறலால் அவதிப்படுகிறார்கள். எண்ணெய் மாற்றிய ரசீது உண்டா என்று கேளுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது நகருக்குள் அரை மணி நேரம் நின்று நின்று ஓட்டி, பெட்டி நன்றாகச் சூடான பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். குளிர்ந்த பெட்டி தன் குறையைக் காட்டாது. குளிர்ந்த எஞ்சின்தான் காட்டும்.

இங்கே சாலை வரி பற்றி ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். 2.0 லிட்டர் செடானுக்கு ஆண்டு வரி ஏறத்தாழ 380 வெள்ளி, 1.6க்கு 90. இந்த 290 வெள்ளி வேறுபாட்டுக்காகவே பலர் டர்போவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 408இன் 2.0 எஞ்சினோ டர்போ இல்லாதது, நேரடிப் பீய்ச்சல் இல்லாதது, காலக்கெடு வைத்து மாற்றும் டைமிங் பெல்ட் உள்ளது; எந்தப் பட்டறையிலும் கை வைக்கத் தயங்க மாட்டார்கள். எரிபொருள் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும், கியர்பெட்டி பழையது என்பவை அதன் குறைகள். ஆனாலும் உயரழுத்தப் பம்பு ஒன்றை ஒருமுறை மாற்ற நேர்ந்தாலே பல ஆண்டுகளின் வரி மிச்சம் கரைந்துவிடும் என்பதால், ஊரிலேயே பழுது பார்த்துக்கொள்ள நினைப்பவருக்கு நான் 2.0ஐயே சொல்வேன்.

பிறகு வந்த மூன்று சிலிண்டர் 1.2 பியூர்டெக் எஞ்சின் 208, 2008 ஆகியவற்றில் வந்தது. இதில் டைமிங் பெல்ட் எண்ணெயில் நனைந்தபடியே சுழல்கிறது. எஞ்சின் சூடாவதற்குள் நிறுத்தப்படும் குறும்பயணங்களில் எரியாத பெட்ரோல் எண்ணெயோடு கலந்து பெல்ட்டை ஊறவைக்கும். உதிரும் ரப்பர்த் துகள்கள் எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்து எஞ்சினைப் பட்டினி போடும், பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பையும் பாதிக்கும். ஸ்டெல்லாண்டிஸ் இதை ஒப்புக்கொண்டு ஐரோப்பாவில் 2024இல் பத்தாண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை பாதுகாப்பை நீட்டித்தது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் பெல்ட் கண்ணுக்குத் தெரியும். அது வீங்கி அகலமாகியிருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க அதற்கென்றே அளவுத்தகடு உண்டு. தோட்டத்திலிருந்து டவுனுக்கும் பள்ளிக்கும் நாளுக்கு நாலைந்து முறை இரண்டு கிலோமீட்டர் ஓடிய கார், நெடுஞ்சாலையில் இதைவிட இரு மடங்கு ஓடிய காரைவிட மோசமாக இருக்கக்கூடும் என்பதால், மைல்மீட்டர் குறைவாகக் காட்டுவதைக் கண்டு இந்த எஞ்சின் விஷயத்தில் மகிழ வேண்டியதில்லை.

ரெனோவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்நாட்டின் டான் சோங் குழுமம் 2014இல் கோலாலம்பூரின் செகாம்புட்டில் பொருத்தி விற்ற ஃபுளூயன்ஸ் கார், பெயரில்தான் பிரெஞ்சு; அதன் 2.0 எஞ்சினும் சி.வி.டி. எனும், கியர்ப் படிகள் இல்லாத தானியங்கிக் கியர்பெட்டியும் ஜப்பானின் நிசானோடு பகிர்ந்துகொண்டவை. நிசான் பார்க்கும் பட்டறை இருந்தால் போதும். ரெனோ கப்ச்சர் காரின் 1.2 டர்போவில் கவனம் வேண்டும். 2012 முதல் 2016 வரை உற்பத்தியான அவ்வகை எஞ்சின்கள் மிதமிஞ்சி எண்ணெய் எரிப்பதாக பிரான்சின் நுகர்வோர் அமைப்பு ஒன்று 2019இல் வெளிப்படையாகவே குரல் எழுப்பியது.

இனி, தோட்டப்புற ஊருக்கே உரிய கேள்வி. கோலாலம்பூரில் இருப்பவருக்குப் பிரெஞ்சுக் கார் மட்டுமே பார்க்கும் தனிப் பட்டறைகள் பல உண்டு. ஒன்று சரியில்லையென்றால் இன்னொன்றுக்குப் போவார். எங்கள் ஊரில் இருக்கும் மெக்கானிக்குகள் திறமைசாலிகள். உள்நாட்டுக் கார்களான புரோட்டோனையும் பெரோடுவாவையும் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்த்துப் பூட்டுவார்கள். ஆனால் பெஜோ, சிட்ரோயன் கார்களின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளோடு பேச, டயக்பாக்ஸ் எனப்படும் தனிக் கருவி வேண்டும், எல்லாக் கார்களுக்கும் பொதுவான சாதாரண ஓ.பி.டி. சோதனைக் கருவி எஞ்சின் பிழையைப் படிக்கும், மற்ற பெட்டிகளுக்குள் நுழையாது. காரை வாங்குமுன்னரே அக்கருவி வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் போய், இந்த மாடலை எத்தனை பார்த்திருக்கிறீர்கள், சங்கிலியை நேரம் பிசகாமல் பூட்டும் நிறுத்தூசிகள் உங்களிடம் உண்டா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். நேரடியாகப் பதில் வந்தால் அந்தப் பட்டறையிலேயே காரைக் காட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித் தேடியதில் அருகில் கிடைத்தது பட்டர்வொர்த்தில். மாதம் ஒருமுறை போக அது தூரமன்று. இழுவை லாரியில் ஏற்றிப் போகத் தூரம்தான். இதையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

உதிரிபாகம் கிடைக்காது என்ற அச்சம் பாதிதான் உண்மை. மினி காரோடு எஞ்சினைப் பகிர்ந்துகொண்டதால், 1.6க்கு வேண்டிய தெர்மோஸ்டாட் கூடு, தண்ணீர் பம்பு, டென்ஷனர் போன்றவை மினிக்கான பாகங்களாகவும் கிடைக்கின்றன. 408 சீனாவின் வூஹானிலும் பெருமளவில் உற்பத்தியான கார் என்பதால் அங்கிருந்தும் பாகங்கள் வருகின்றன. இணையத்தில் பதிவு செய்தால் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் அந்த ஒரு வாரம் கார் நின்றபடியே இருக்கும். வீட்டில் வேறு வண்டி இருப்பவருக்கு இது தொல்லை. இருக்கும் ஒரே வண்டியில் கூலிமுக்கு இரவு ஷிப்ட் போகிறவருக்கு இது சம்பளம். உடற்பாகங்கள், அதாவது விளக்கு, பம்பர், பக்கக் கண்ணாடி போன்றவற்றைப் பெற இன்னும் காலம் ஆகலாம்.

மின்சாரக் கோளாறு பற்றிய கதைகளில் பாதிக்குக் காரணம் நலிந்த பேட்டரி. இக்கார்களில் மின்னழுத்தம் குறைந்தால் மையக் கட்டுப்பாட்டுப் பெட்டி சிக்கன முறைக்குப் போய் வானொலியையும் மற்றதையும் அணைத்துவிடும், தொடர்பில்லாத எச்சரிக்கைகளையும் காட்டும். ஆகவே பிழைகள் வரிசையாகத் தெரிந்தால் முதலில் பேட்டரியை அளந்து பாருங்கள். இதற்கு நேர்மாறாக, ஒரு பிழைகூட இல்லாமல் பளிச்சென்று இருந்தாலும் ஐயப்படுங்கள். பிழைகளை அழித்தவுடன் காரின் சுயசோதனைகள் யாவும் முடியாத நிலைக்குத் திரும்பிவிடும். அவை மறுபடி முடிய வெவ்வேறு வகையில் சில நாள் ஓட வேண்டும். சோதனைகள் முடியவில்லை என்று கருவி காட்டினால், நேற்றுத்தான் யாரோ துடைத்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். இது பலருக்குத் தெரியாத, செலவே இல்லாத ஒரு சோதனை.

சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை, பிரெஞ்சுக் காரின் சொகுசு உலகறிந்தது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் குழி பறித்த சாலையில் ஓடினாலும் உள்ளே உட்கார்ந்தவருக்கு அலுங்காது. அந்தச் சொகுசே உரிமையாளரை வேகத்தடைகளில் மெதுவாகப் போக விடாமல் செய்து, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் ரப்பர் புஷ்களையும் பந்து இணைப்புகளையும் எஞ்சின் தாங்கிகளையும் சீக்கிரம் தேய்த்துவிடுகிறது. மெல்ல ஒரு மேடு ஏறி இறங்கும்போது ‘டொக்’ என்று கேட்டால் செலவு எழுதிக்கொள்ளுங்கள். விலைக் குறைப்புக்கு இது நல்ல காரணம், காரை மறுப்பதற்கு அன்று.

காகிதங்களுக்கு வருவோம். இந்நாட்டில் பெஜோ விநியோகம் நாசாவிடமிருந்து பெர்மாஸ் நிறுவனத்துக்கும், பின்னர் நேரடியாக ஸ்டெல்லாண்டிஸுக்கும் கைமாறியது. இடையில் மூடிய சேவை நிலையங்கள் உண்டு. எனவே ஒரே நிலையத்தின் முத்திரைகள் வரிசையாக உள்ள புத்தகத்தை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. தனிப் பட்டறையின் ரசீதாக இருந்தாலும் அதில் எண்ணெயின் தரம், தேதி, மைல்மீட்டர் அளவு மூன்றும் எழுதியிருந்தால் முத்திரையைவிட அது மேல். என் கருத்தில், டர்போ எஞ்சினுக்கு நம் வெப்பத்தில் 10,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றியிருக்க வேண்டும். இரண்டு ரசீதுகளுக்கிடையே அதற்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த இடைவெளியில்தான் சங்கிலி தேய்ந்திருக்கும். வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பி5 சோதனையில் தேறியது என்பதை நற்சான்றாகச் சிலர் காட்டுவார்கள். பெயர் மாற்றத்துக்கான அந்தச் சோதனை அவசியமானது. ஆனால் எஞ்சினுக்குள் சங்கிலி எப்படி இருக்கிறது என்று சொல்வது அதன் வேலையன்று. 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் ஏராளமான கார்கள் மூழ்கின என்பதையும் மறக்க வேண்டாம். இருக்கைப் பட்டையை முழுதும் உருவி அதன் அடிநுனியில் சேற்றுக் கறையையும், கம்பளத்தின் அடியில் ஈரவாடையையும் தேடுங்கள். மின்னணு மிகுந்த காரில் வெள்ளநீர் புகுந்திருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

கடையில் வாங்குவதற்கும் தனியாரிடம் வாங்குவதற்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு. வணிகரிடம் வாங்கியதில் தகராறு வந்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில், வழக்கறிஞர் இல்லாமலே 50,000 வெள்ளி வரை கோரலாம். தனி ஆளிடம் வாங்கினால் அந்த வாசல் இல்லை. வணிகர் வாய்மொழியாகச் சொல்லும் உத்தரவாதத்தை, எந்தெந்தப் பாகம், எத்தனை மாதம் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எழுதித் தர மறுத்தால் அந்த உத்தரவாதத்துக்கு மதிப்பில்லை. வயதான காருக்கு வங்கிகள் நீண்ட தவணை தருவதில்லை என்பதால் கையிலிருந்து போடும் பணம் கூடும். அப்படி இருப்பதையெல்லாம் முன்பணமாகக் கொட்டிவிட்டு முதல் மாதமே பட்டறைக்குப் போக நேர்ந்தால், குடும்பம் கடனில் விழும். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது தொடாமல் தனியே எடுத்து வைக்க முடியாதவர், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இக்கார்களை வாங்க வேண்டாம் என்று நான் மனமாரச் சொல்வேன். அவருக்கு வசதிகள் குறைந்த பழைய பெரோடுவா போதும், நிம்மதியாக இருப்பார்.

மருமகன் அந்த டர்போவை விட்டுவிட்டான். இரண்டு மாதம் பொறுத்து, அலோர்ஸ்டாரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் விற்ற 408 2.0ஐப் பார்த்தோம். நிறம் அவனுக்குப் பிடிக்கவில்லை, கண்ணாடிக் கூரை இல்லை. ஆனால் பெல்ட் மாற்றியது, கியர் எண்ணெய் இருமுறை மாற்றியது எல்லாம் ரசீதோடு ஒரு பழைய பள்ளிக் கோப்பில் தேதிவாரியாக இருந்தன. குளிர்ந்த எஞ்சினை எங்கள் கண்முன்னே இயக்கிக் காட்டினார். நகருக்குள் நாற்பது நிமிடம் ஓட்டியும் பெட்டி உதறவில்லை. முன்பக்கம் வேகத்தடையில் ‘டொக்’ என்றது. அதைச் சொல்லி விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம். ஒதுக்கி வைத்த பணத்தில் முதல் மாதமே கீழ்க்கை புஷ்கள், பேட்டரி, தெர்மோஸ்டாட், குளிர்நீர் ஆகியவற்றை மாற்றினான். அந்த நான்கு ரசீதுகளும் ஆசிரியரின் அதே கோப்பில், அவர் விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் செருகப்பட்டிருக்கின்றன.